பேஸ் கிதாரைப் பின்தொடருங்கள்

பங்க் இசையின் வரலாற்றுக்குள் நுழைய விரும்பும் நண்பர்கள், எந்தப் பாடகரில் தொடங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பாடகரை விடுங்கள், தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். 1976 முதல் 1979 வரை இங்கிலாந்தில் வந்த தட்டுகளை வந்த வரிசையிலேயே கேட்டால், பங்க் எப்படி இருண்டுபோய் ‘காத்’ இசையாயிற்று என்பது யாரும் விளக்காமலே காதுக்குப் பிடிபடும். நான் கற்றது அப்படித்தான்.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவினர் பாடினார்கள். ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். சின்னக் கூட்டம்தான். அதிலிருந்த பீட்டர் ஹுக், மறுநாளே போய் ஒரு பேஸ் கிதார் வாங்கினார். டெவோட்டோவும் ஷெல்லியும் தங்கள் பஸ்காக்ஸ் குழுவுக்காக 500 பவுண்டு கடன் வாங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு பாடல்களைப் பதிவு செய்துவிட்டார்கள். 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ அவர்களுடைய சொந்த வெளியீடாகவே வந்தது. முதலில் அச்சிட்டது 1000 தட்டுகள். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் அமைந்தது, பிறகு அதன்மேல் ஏதும் சேர்த்தார்களா என்பதையெல்லாம் உறையிலேயே போட்டிருந்தார்கள். செய்முறையைத் திறந்துவைத்து ‘நீயும் செய்’ என்று கூப்பிடும் அந்தத் தாராளம்தான் எனக்குப் பங்க்; கிழிந்த சட்டையும் ஊக்கும் அதற்குப் பிறகுதான்.

உறையில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு அங்கே தொற்றியது. தயாரிப்பாளர் பெயர் மார்ட்டின் ஜீரோ. இவர்தான் மார்ட்டின் ஹானட். இரண்டரை ஆண்டு கழித்து, ஹுக்கும் அவர் நண்பர்களும் சேர்ந்த ஜாய் டிவிஷனின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ தட்டிலும் இவர் பெயர் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் நால்வரும் ஓர் அறைக்குள் முட்டி மோதுகிறார்கள். இரண்டாவதில் ஹானட் டிரம்ஸைத் தனியே பிரித்தெடுத்து, எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி, ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே வெறுமையை நிரப்பியிருக்கிறார். மேடையில் தாங்கள் எழுப்பும் ஆவேசம் தட்டில் இல்லையே என்று ஹுக்குக்கும் கிதார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் வருத்தம். நான் ஹானட் கட்சி. அந்த வெறுமை இல்லாவிட்டால் பிறகு வந்த காத் இசைக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

ஹுக்கின் பேஸ் ஏன் அவ்வளவு மேல் ஸ்தாயியில் பாடுகிறது தெரியுமா? சம்னரின் ஆம்ப்ளிஃபையர் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் மேலே ஏறினார். கிதார் பின்வாங்க, ராகத்தைப் பேஸ் சுமந்தது. கைபேசியின் ஸ்பீக்கரில் இதெல்லாம் செத்துப்போகும். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அடுத்து, பங்க்கை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 1977இன் தொடக்கத்தில் லண்டன் ராக்ஸி கிளப்பில் தட்டு போட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்கப் பெற்றோரின் பிள்ளை. அப்போது போடுவதற்குப் பங்க் தட்டுகளே சொற்பம் என்பதால் அவர் ரெகேவும் டப்பும் போட்டார். பதிவான பாட்டிலிருந்து குரலைக் கழற்றிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னுக்கு இழுத்து, எதிரொலியில் மிதக்கவிடுவதுதான் டப். கிங்ஸ்டனில் கிங் டப்பி அதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார். அவர் தட்டுகளைக் கொஞ்ச காலம் கேட்டுவிட்டு, 1979 ஆகஸ்டில் வந்த பாஹவுஸ் குழுவின் ‘பேலா லுகோசிஸ் டெட்’ பாட்டுக்குத் திரும்புங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் அதில் பீட்டர் மர்ஃபியின் குரல் வருவதற்கே வெகுநேரம் ஆகிறது. அதுவரை டிரம்ஸின் விளிம்புத் தட்டலும், இறங்கி இறங்கி வரும் பேஸும், சிதறும் எதிரொலியும்தான். காத் என்றால் ஐரோப்பியக் கல்லறைச் சமாசாரம் என்று எண்ணுபவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். அதன் எலும்பிலேயே ஜமைக்கா இருக்கிறது.

சூக்ஸி அண்ட் த பான்ஷீஸையும் தேதி பார்த்தே கேட்க வேண்டும். 1976 செப்டம்பரில் ஒத்திகையே இல்லாமல் லண்டனின் ‘100 கிளப்’ மேடையேறியவர்கள், 1978 நவம்பரில் ‘த ஸ்க்ரீம்’ தட்டைத் தந்தார்கள்; பங்க் இருண்டுபோன அதே பாதைதான் இதிலும்.

கறுப்பு உடையும் மையிட்ட கண்களுமாய் சோஹோவில் பேட்கேவ் கிளப் திறந்தது 1982இல். பலரும் அங்கிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். அதற்குள் முக்கியமான தட்டுகளில் பாதி வெளிவந்துவிட்டன.