இரட்டைக் கலமும் எந்திரத் தேர்வும்

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் ஏறி உலகம் முழுதும் சுற்றி வருகிறது என்று நாம் பெருமையோடு பேசுவதுண்டு. அது உண்மையே. 1697-இல் வெளிவந்த தம் பயணநூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் வழங்கும் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயினும் இன்று உலகத்தார் அப்பெயரால் அழைக்கும் கலம் நம் மீனவரின் கட்டுமரம் அன்று. நம்முடையது மரக்கட்டைகளை நெருக்கிச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தது. அவர்களுடையது ஒல்லியான இரண்டு ஓடங்களைச் சற்று விலக்கி நிறுத்தி மேலே ஒரு தளத்தால் இணைத்தது. அதற்கு முன்னோர் பசிபிக் தீவினர் ஓட்டிய இரட்டைப் படகுகளே. பெயர் நம்முடையது, பொருள் அவர்களுடையது. குழப்பம் நேராதிருக்க இக்கட்டுரையில் அதனை இரட்டைக் கலம் என்றே குறிக்கிறேன்.

இத்தகைய கலத்துக்கு எந்திரம் பொருத்துவது பற்றிப் பேச்சு எழுந்தால் எவரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத் திறன்?" என்பதுதான். கடைசியில் வரவேண்டிய கேள்வி முதலில் வந்துவிடுகிறது என்பது என் கருத்து. எத்தனை தொலைவு, என்ன வேகம், எவ்வளவு எடை என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தபின் எந்திரம் ஏறக்குறையத் தானாகவே தெரிந்துவிடும். அதெப்படி என்று பார்ப்போம்.

நீரில் செல்லும் கலம் இரண்டு வகைத் தடைகளைச் சந்திக்கிறது. ஒன்று, நனைந்த பரப்பில் நீர் உராய்வதால் வருவது. மற்றொன்று, கலம் எழுப்பும் அலைகளால் வருவது. அலையை எழுப்ப ஆகும் ஆற்றலும் எந்திரத்திலிருந்தே போகவேண்டும். இரண்டாவதன் இலக்கணத்தை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் வில்லியம் ஃபுரூடு. புவியீர்ப்பு முடுக்கத்தையும் நீர்க்கோட்டு நீளத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனால் கலத்தின் வேகத்தை வகுத்தால் ஓர் எண் வரும். அதுவே ஃபுரூடு எண். இது 0.4-ஐ நெருங்கும்போது சாதாரண அகன்ற படகு தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏறமுடியாமல் திணறும். அதற்குமேல் எந்திரத்தைப் பெருக்கினாலும் புகையும் அலையும் பெருகுமே தவிர வேகம் அவ்வளவாகக் கூடாது. ஓடம் ஒல்லியானால் அது எழுப்பும் அலை சிறிது. அந்த மேட்டை அது ஊடுருவிப் போய்விடும். ஓர் ஒல்லியான ஓடம் தனியே நின்றால் கவிழ்ந்துவிடும் ஆதலால் இரண்டை இணைக்கிறோம்.

ஆனால் ஒல்லியாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. 20 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள இரண்டு ஓடங்களை எடுத்துக்கொள்வோம். முனைகள் குறுகுவதைக் கழித்தால் நீர்க்கோட்டில் அவற்றின் பரப்பு ஏறக்குறைய 32 சதுர மீட்டர். நன்னீரில் இக்கலத்தின் மீது 1 டன் கூடுதலாக ஏற்றினால் அது 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அமிழும். அதே நீளத்தில் 4.5 மீட்டர் அகலமான ஒற்றைப் படகாயின் 1.4 சென்டிமீட்டரே அமிழும். இது ஆர்க்கிமிடீசின் கணக்குத்தான். ஆகவே இரட்டைக் கலத்துக்கு எடைதான் முதற் பகை. கனத்த எந்திரத்தை வைத்தால், அந்த எந்திரத்தைச் சுமக்கவே ஒரு பகுதித் திறன் போய்விடும். எந்திரத்தோடு எரிபொருளின் எடையையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு நீர்வழியைப் பின்னர் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டில் ஒரு பெரிய சான்று உண்டு. அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அரசு, வான்கூவர் பகுதிக்கும் நனைமோ நகருக்கும் இடையே விரைவுப் போக்குவரத்துக்கென 1990-களில் மூன்று பெரிய இரட்டைக் கலங்களைக் கட்டியது. பசிபிகேட் என்பது அவற்றின் பெயர். அலுமினிய உடல், நீளம் 122 மீட்டருக்கு மேல், ஒவ்வொன்றிலும் நான்கு டீசல் எந்திரங்கள், நான்கு நீர்த்தாரை உந்திகள், வேகம் 37 நாட், அதாவது மணிக்கு 68 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் அரை மணி மிச்சமாகும் என்று திட்டம்.

1999-இல் ஓடத் தொடங்கியதும் கலத்தின் பின்னலைகள் கரையோரத்துப் படகுத்துறைகளையும் கடற்கரைகளையும் தாக்குவதாகக் கரைவாழ் மக்கள் முறையிட்டனர். ஆகவே கரை நெருங்கும் இடங்களில் வேகத்தைக் குறைக்க நேர்ந்தது. அது மரம் வெட்டும் தொழில் நிறைந்த கரை; கடலில் மிதக்கும் கட்டைகளும் குப்பைகளும் நீர்த்தாரையின் வாயில் சிக்கித் தொல்லை தந்தன. வேகத்துக்காகவே எந்திரம் வாங்கி, அந்த வேகத்தில் ஓட்ட இயலாமற் போனால் மீதமிருப்பது எரிபொருட் செலவுதான். 2000-இல் அவை நிறுத்தப்பட்டன. 21 கோடி டாலர் ஆகும் என்று தொடங்கிய திட்டம் 45 கோடியைக் கடந்திருந்தது. 2003-இல் மூன்று கலங்களும் சேர்ந்து ஏலத்தில் 2 கோடி டாலருக்கும் குறைவாகவே போயின. அத்தனையும் மக்கள் வரிப்பணம். அந்த எந்திரங்கள் கெட்ட எந்திரங்கள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அந்த நீர்வழிக்கு அவை பொருந்தவில்லை.

இனி, நீரைத் தள்ளும் கருவிக்கு வருவோம். எந்திரத்தைவிட இதில்தான் இயற்பியல் சுவை மிகுதி. ஒரு நொடியில் எவ்வளவு நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறோம், அதன் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறோம் என்ற இரண்டின் பெருக்கமே உந்துவிசை. ஆனால் வீணாகும் ஆற்றலோ, கூட்டிய வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே உந்துவிசைக்கு இருமடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் விரயம் பாதியாகிறது. ஆதலால் அகன்ற, மெதுவாகச் சுழலும் புரொப்பல்லரே சிக்கனமானது. அதிவேக எந்திரத்துக்கும் அதற்கும் இடையே பற்சக்கரப் பெட்டி வைத்துச் சுழற்சியைக் குறைப்பது இதற்காகவே. குறுகிய ஓடத்தின் அடியில், ஆழமில்லா நீரில், அகன்ற புரொப்பல்லருக்கு இடமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிடைக்கும் ஆழத்தில் எவ்வளவு பெரியது பொருந்துமோ அவ்வளவு என்பதே விடை.

வேகம் மிகும்போது வேறொரு தடை வந்து சேர்கிறது. இலைகளின் முதுகில் அழுத்தம் மிகக் குறைந்து, அங்கே நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துக் குமிழியாகிறது. குமிழிகள் உடையும் அதிர்ச்சி உலோகத்தையே அரித்துவிடும். சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் கட்டிய டர்பினியா என்னும் கலத்தை இதுவே முடக்கியது. முதலில் ஒரே தண்டில் பொருத்தி ஓட்டியபோது எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை. பின்பு மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பல்லர்களாகச் சுமையைப் பகிர்ந்தளித்ததும் 34 நாட் வேகம் கண்டது. 1897-இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்புக்குள் அழையாமலே நுழைந்து ஓடிக் காட்டினார்கள்.

வேகம் 30 நாட் அளவைத் தாண்டும் கலங்களில் இன்று நீர்த்தாரையே பெரும்பாலும் இடம்பெறுகிறது. கலத்தின் அடியில் நீரை உறிஞ்சி, உள்ளே ஒரு பம்பினால் அழுத்தி, பின்புறம் பீய்ச்சியடிக்கும் முறை இது. நியூசிலாந்தில் வில்லியம் ஹாமில்டன் 1950-களில் இதனைச் சிறு படகுகளுக்கு ஏற்றதாக்கினார். அவர் வாழ்ந்த பகுதியின் ஆறுகள் கூழாங்கல் நிரம்பியவை, முழங்கால் ஆழத்தவை; கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அங்கே உடைந்துவிடும். ஆழமில்லா நீருக்கு நீர்த்தாரை நல்லது என்பதை இதிலிருந்து அறியலாம். ஆனால் 8 அல்லது 10 நாட் வேகத்தில் செல்லும் படகுக்கு அதை வைப்பது வீண். சிறிதளவு நீரை மிகுந்த வேகத்தில் தள்ளுவதால் விரயம் பெரிது.

எந்திரங்கள் இரண்டு ஓடங்களில் தனித்தனியே நிற்பதால் வரும் நன்மையும் ஒன்றுண்டு. ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இயக்கினால் கலம் நின்ற இடத்திலேயே திரும்பும். ஒன்று பழுதானால் மற்றது கரை சேர்க்கும்; கலம் பழுதான பக்கமாக இழுப்பதைச் சுக்கானால் சரிக்கட்டவேண்டும். செலவைக் குறைக்க எண்ணி, நடுத்தளத்தில் ஒற்றை வெளிப்பொருத்து எந்திரம் வைக்கும் சிறு படகுகளும் உண்டு. ஓடங்களுக்கு இடையே அலை ஏறி இறங்குகையில் புரொப்பல்லர் காற்றை விழுங்கி வெறுமனே சுழலும். இன்னொன்று: எந்திரம் ஓடத்துக்குள் நுழைந்தால் மட்டும் போதாது, பழுது பார்ப்பவரும் நுழைய வேண்டும். வரைபடத்தில் இந்த மனிதருக்கு இடம் விடுவோர் குறைவு.

எந்திரங்களை ஒப்பிடத் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா கழிமுகத்தைவிட நல்ல இடம் இல்லை. 2013-இல் அங்கே ஓடத் தொடங்கிய பிரான்சிஸ்கோ என்னும் இரட்டைக் கலம் (அப்போதைய போப்பாண்டவரின் பெயர்தான்) 99 மீட்டர் நீளமுடையது. வெள்ளோட்டத்தில் 58 நாட் வேகம் கண்டது. அது மணிக்கு 107 கிலோமீட்டர். அதன் ஃபுரூடு எண் ஏறக்குறைய 1. அதற்குள் இருப்பவை இரண்டு வாயுச் சுழலிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 மெகாவாட். விமான எந்திரத்திலிருந்து பிறந்தவை ஆதலால் தரும் திறனுக்கு எடை மிகக் குறைவு. எரிபொருட் பசி மட்டும் டீசலைவிட மிகுதி. ஆஸ்திரேலியாவில் அதனைக் கட்டிய அதே நிறுவனம், அதே முதலாளிகளுக்காக, 2025 மே மாதம் வேறோர் இரட்டைக் கலத்தை நீரில் இறக்கியது. சைனா சோரில்லா என்னும் அதற்கு முழுவதும் மின்கலமே ஆற்றல். 250 டன் எடையில் 40,000 அலகு மின்சாரம்.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ மின்கலத்தில் 0.16 அலகு. நல்ல டீசல் எந்திரம் ஓர் அலகு வேலைக்கு 200 கிராம் எண்ணெய் குடிக்கும் என்று கொண்டால், 40,000 அலகுக்கு 8 டன் எண்ணெய் போதும். எட்டு டன் எங்கே, 250 டன் எங்கே! இருந்தும் அங்கே மின்கலம் எடுபடுவது ஏன்? பியூனஸ் அயர்சிலிருந்து கொலோனியாவுக்குத் தொலைவு ஏறக்குறைய 55 கிலோமீட்டரே; வேகமும் பிரான்சிஸ்கோவின் பாதிக்குக் குறைவு. 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மான்டிவிடியோவுக்கு 58 நாட்டில் போக அதே மின்கலத்தைச் சுமக்கச் சொன்னால் கணக்கு நடக்காது.

நமக்கு அண்மையில், பெரியார் பெயரோடு சேர்த்து நாம் அறிந்த வைக்கத்தில், வேம்பநாட்டு ஏரியைக் கடக்க 2017 சனவரி முதல் ஆதித்யா என்னும் சூரிய ஆற்றல் படகு ஓடுகிறது. இரட்டைக் கலம்; 20 மீட்டர் நீளம்; 75 பயணிகள். 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு, 50 அலகு மின்கலம், கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள். அக்கரைத் தவணக்கடவுக்கு 15 நிமிடம். நாளொன்றுக்கு 22 முறை கடந்தால் ஐந்தரை மணி நேர ஓட்டம். நம் பக்கத்து வெயிலில் தகடுகள் நாளுக்கு 80 அலகு தரும் என்று கொண்டால் மின்கலத்தோடு 130 அலகு. ஐந்தரையால் வகுக்க ஏறக்குறைய 24 கிலோவாட். மோட்டார்களின் முழுத்திறன் 40. இப்படகின் ஃபுரூடு எண் 0.22-தான், இங்கே திறன் ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக ஏறும். ஆகவே திறனை 60 சதவீதமாக்கினாலும் வேகம் 84 சதவீதம் நிற்கும். சிறிய மோட்டார் போதும் என்று வடிவமைத்தவர்கள் துணிந்ததன் காரணம் இதுவே.

யாரேனும் 6 நாட் போதாது, 8 நாட் வேண்டும் என்று கேட்டால்? ஒவ்வொரு கடப்பிலும் 4 நிமிடம் குறையும். கடப்பொன்றுக்கு ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக, 1.78 மடங்காகும், நாளுக்கு 130 அலகு 230 ஆகும். மோட்டார்களும் 57 கிலோவாட் தரவேண்டியிருக்கும். இருப்பவை மாற வேண்டும். குறையும் 100 அலகை மின்கலமாகவே ஏற்றினால், முன் கண்ட விகிதப்படி 600 கிலோவுக்கு மேல். மேலே கணக்கிட்ட ஓடங்களின் அளவே இதற்கும் என்று கொண்டால், அது படகை இன்னும் 2 சென்டிமீட்டர் அமிழ்த்தும். அந்த 2 சென்டிமீட்டரை இழுத்துச் செல்ல மறுபடியும் கொஞ்சம் மின்கலம் தேவைப்படும்.