தோல் ஷாப் காற்று டர்போவைத் தின்பதில்லை

"நம்ம ஊரு காத்துக்கு டர்போ நிக்காது பாய். தோல் ஷாப் கேஸ் உள்ள போய் அரிச்சிடும்."

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எந்த ஊர்ப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. ஸ்கார்பியோ, தார், ஃபார்ச்சூனர் என்று டீசல் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் இதை நம்பிப் பல பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார்கள். புது டர்போ ஏறுகிறது. சில மாதத்தில் அதுவும் போகிறது. "அப்பவே சொன்னேன்ல" என்று மெக்கானிக் கையை விரிக்கிறார். வண்டிக்காரரும் தலையாட்டிவிட்டு அடுத்த டர்போவுக்குப் பணம் புரட்டுகிறார். டீசல் என்ஜின்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது அபாண்டம். நஷ்டம் வண்டிக்காரருக்கு, தப்பித்துக்கொள்வது அரைகுறை வேலை செய்த பட்டறை.

தோல் பதனிடும் இந்தத் தோல் ஷாப்களிலிருந்து வரும் வாடை எதனுடையது என்று முதலில் பார்ப்போம். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. அழுகிய முட்டை வாடை அதுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதே பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். 500ஐத் தாண்டினால் ஆளே சாய்ந்துவிடுவார். ஒரு டர்போவைச் சில மாதத்தில் அரித்துத் தள்ளும் அளவுக்கு அந்த வாயு சாலையில் இருந்தால், டர்போவுக்கு முன்னால் டிரைவர் விழுந்திருப்பார்.

இனி டர்போவைப் பாருங்கள். ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். ஒன்று என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் சுழல்கிறது. மற்றது அந்தச் சுழற்சியால் காற்றை உறிஞ்சி அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. புகைப் பக்கத்துச் சக்கரம் நிக்கல் கலந்த உலோகம். 700 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேலை செய்வதற்காகவே வார்க்கப்பட்டது. காற்றுப் பக்கத்துச் சக்கரம் அலுமினியக் கலவை. ஹைட்ரஜன் சல்பைடு அதை எளிதில் தொடுவதில்லை. கந்தகம்தான் எதிரி என்றால் டீசலிலேயே கந்தகம் இருக்கிறதே! பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் 3) காலத்து டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. பி.எஸ்.4 அதை 50 ஆக்கியது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 அதை 10 ஆக்கியது. பி.எஸ்.3 டீசலில் ஓடிய வண்டிகளின் டர்போ, தெருவில் வீசும் வாடையைவிடப் பல மடங்கு கந்தகப் புகையில் தினமும் குளித்தது. அப்படிக் குளித்தே ஆண்டுக்கணக்கில் உழைத்தது.

இதற்கும் மேலான சாட்சி தோல் ஷாப்புக்குள்ளேயே நிற்கிறது. பெரிய ஜெனரேட்டர்களில் இருப்பது டர்போ பொருத்திய டீசல் என்ஜின். 2012 வாக்கில் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தபோது அந்த ஜெனரேட்டர்கள் நாளெல்லாம் ஓடின. தோல் ஷாப் வளாகத்துக்குள்ளேயே, வாடை அடிக்கும் இடத்தில், மணிக்கணக்கில் அதே காற்றை இழுத்தன. தோல் ஷாப் காற்று டர்போவைத் தின்னும் என்றால் முதல் பலி அவைதானே? அவற்றுக்கு ஆயில் மாற்ற ஆள் இருந்தது, ஓடிய மணி நேரத்தை எழுதிவைக்கும் நோட்டு இருந்தது. அதனால் தாக்குப்பிடித்தன.

செத்துப்போன டர்போவைக் கழற்றி மேசையில் வைத்தால் காரணம் அதன் மேலேயே எழுதியிருக்கும். காற்றுச் சக்கரத்தின் இதழ் ஓரங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மழுங்கியிருந்தால், ஃபில்டரைத் தாண்டி மண் உள்ளே போயிருக்கிறது. பேரிங்கில் வளையம் வளையமாகக் கீறல் இருந்தால், அழுக்கு ஆயில். தண்டு நீலம் பாய்ந்திருந்தால், ஆயில் போதாமல் சூடேறியிருக்கிறது. ஆயில் வரும் மெல்லிய குழாய்க்குள் கரி அடைத்திருந்தால், கொதிக்கும் டர்போவை அப்படியே நிறுத்திய பழக்கம். இந்த நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. வாயு அரித்த டர்போ என்று எந்த மெக்கானிக்கும் இதுவரை ஒன்றைக்கூட என் முன்னால் கொண்டுவந்து வைத்ததில்லை.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. பெரும்பாலான டீசல் டர்போக்களில் அதைத் தாங்குவது முடியைவிட மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம் ஒரு கணம் விலகினாலும் உலோகம் உலோகத்தை உரசும். ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுவதும், கையேடு கேட்கும் தரம் ஒன்றிருக்கப் பட்டறை டிரம்மில் இருப்பதை ஊற்றுவதும் அந்தப் படலத்தைத்தான் கெடுக்கின்றன. டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயிலும் மண்ணும்தான் கொல்கின்றன.

நம் பகுதி ஃபோர் வீல் டிரைவ்களுக்கு இந்த இரண்டு ஆபத்துமே கூடுதல். பாலாற்று மணலிலும் கல்குவாரிப் பாதையிலும் ஓட்டுகிறார்கள். பிறகு காற்றுக் குழாயால் ஃபில்டரை ஊதி ஊதி அதன் தாளைக் கிழித்து மறுபடி மாட்டுகிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை முழுச் சுமையோடு ஏறி, மேலே போனதும் படக்கென்று சாவியைத் திருப்புகிறார்கள். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்குள் லோ கியரில் ஊர்ந்துவிட்டு வந்தாலும் இதே கதை. தவறு இங்கே இருக்க, பழி தோல் ஷாப்புக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். தோல் ஷாப் வளாகத்திலேயே பகலெல்லாம் நிற்கும் வண்டியில் சென்சார் பிளக்கின் முனைகள் கறுத்து, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவு தவறாகக் கணினிக்குப் போகலாம். கணினி உடனே என்ஜின் பலத்தைக் குறைத்துவிடும். இழுவை போய்விடும். அப்போது தேவைப்படுவது பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை. அங்கும் டர்போ குற்றவாளி இல்லை.

அதனால் "பிக்கப் இல்லை" என்றதும் டர்போவில் கை வைக்காதீர்கள். முதலில் ஏர் ஃபில்டர். அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக என்ஜின் வரை போகும் ரப்பர் ஹோஸ்கள். கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், ஹோஸின் அடிப்பக்கம் கிழிந்திருந்தாலும் அழுத்திய காற்று அங்கேயே ஓடிவிடும். ஏறும்போது 'புஸ்' என்ற சத்தமும் கரும்புகையும் வரும். அடுத்து வேக்குவம் குழாய். பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கும் டர்போ ஆக்சுவேட்டருக்கும் ஒரே வேக்குவம் பம்ப்தான். பிக்கப் குறைந்ததோடு பிரேக் பெடலும் இறுகியிருந்தால் பம்பைப் பாருங்கள். அடுத்து, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு. பிறகு ஸ்கேனரை மாட்டி வண்டியை ஓட்டி, கணினி கேட்கும் பூஸ்டும் கிடைக்கும் பூஸ்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் "டர்போ போச்சு" என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போ. என்ஜின் ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டின் முனையை விரலால் பிடித்து அசைக்க வேண்டும். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கும். ஆயில் படலத்துக்கான இடம் அது. சக்கரம் சுவரில் உரசினால் டர்போ தேய்ந்துவிட்டது. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலும் அதே தீர்ப்பு.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

நம்பிக்கை: குழாய்க்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் டர்போ போய்விட்டது.
உண்மை: லேசான ஈரம் இயல்பு, என்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக வருகிறது. இன்டர்கூலரில் ஆயில் தேங்கினால்தான் கவலை. அப்போதும் ஆயில் திரும்பிப் போகும் குழாயும் மூச்சுக்குழாயும் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை அடைத்தால் நல்ல டர்போவும் ஆயில் கக்கும்.

நம்பிக்கை: எந்தப் புகை வந்தாலும் டர்போதான்.
உண்மை: கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது; அது பிஸ்டன் ரிங்கிலிருந்தும் வரலாம்.

நம்பிக்கை: விசில் சத்தம் கேட்டால் ஆயுள் முடிந்தது.
உண்மை: மெல்லிய விசில் டர்போவின் இயல்பான குரல். நேற்று இல்லாத ஊளை இன்று கேட்டால் கவனியுங்கள்.

நம்பிக்கை: ஒரு லட்சம் கிலோமீட்டரில் டர்போவை மாற்றியே ஆக வேண்டும்.
உண்மை: அப்படி ஒரு கெடு இல்லை. ஆயிலும் உள்ளே போகும் காற்றும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் என்ஜின் உள்ளவரை உழைக்கும்.

நம்பிக்கை: எப்போது நிறுத்தினாலும் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும்.
உண்மை: மலையேறியபின், நெடுஞ்சாலையில் விரட்டியபின் ஓரிரு நிமிடம் போதும். கடைத்தெருவுக்குப் போய்வந்த வண்டிக்கு அதுவும் வேண்டாம்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால் மாற்றுங்கள். ஆனால் எது கொன்றது என்று தெரியாமல் மாற்றுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டு நனைந்த பாயை மட்டும் மாற்றுவது. பழைய ஆயில் குழாயைக் கழுவிப் போடாதீர்கள். கழுவினாலும் உள்ளிருக்கும் கரி முழுதாகப் போகாது. புதுக் குழாய், புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், புது ஏர் ஃபில்டர், புது கேஸ்கெட் போடுங்கள். ஆயில் போகும் இடங்களில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள். பிதுங்கிய துண்டு ஆயில் வழியை அடைத்துவிடும். இன்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அங்கே தேங்கிய ஆயிலை என்ஜின் உறிஞ்சினால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் அது தன்போக்கில் வேகமெடுக்கும். உடைந்த இதழ்த் துண்டு அங்கே கிடந்தால் என்ஜினே போகும். புது டர்போவின் ஆயில் துளையில் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றுங்கள். டீசல் போகாதபடி செய்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சில நொடி சுற்றவிடுங்கள். பிறகு கிளப்பிச் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். கிளப்பிய உடனே முறுக்கிக் காட்டும் மெக்கானிக் அந்த டர்போவின் ஆயுளை அங்கேயே பாதியாக்குகிறார். உள்ளே கோர் (தண்டும் சக்கரங்களும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதி) மட்டும் மாற்றுவதானால் பேலன்ஸ் செய்ததற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சோளிங்கர் அருகே புலிவலத்தில் டர்போ எனர்ஜி தொழிற்சாலையில் டர்போக்கள் தயாராகும் பகுதி இது. இங்கே போலி டப்பாவை நம்பி ஏமாற வேண்டிய தலைவிதி நமக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோல் ஷாப்பைக் குற்றம் சொல்லும் அதே பட்டறை, வடித்த ஆயிலை எங்கே ஊற்றுகிறது? பின்பக்கச் சாக்கடையில். அது போய்ச் சேர்வது பாலாறு. தோல் கழிவால் இந்த மண் பட்டது உண்மையான துயரம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. தோல் கழிவுக்குப் பலியானவர்கள் மனிதர்கள், பலியானது ஆறு. அவர்களுக்காகப் பேச வேண்டிய வாய், கெட்டுப்போன டர்போவுக்குச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறது.

கழிவு ஆயில் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதை மறுசுழற்சிக்கு எடுக்க அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பழைய டர்போவை எதனால் போனது என்று எனக்குத் திறந்து காட்டுவீர்களா? ஆயில் குழாயைப் புதிதாகப் போடுவீர்களா? வடித்த ஆயிலை யாரிடம் கொடுப்பீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வராத பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.