முதலில் வரத்துக்கால், பிறகுதான் கண்மாய்

கேள்வி: என் ஊர் சிவகாசி பக்கத்து விஸ்வநத்தம். பி.காம். முடித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கலிபோர்னியாவில் இளைஞர்கள் ஓராண்டுக் காலம் ஓடைகளில் இறங்கி, சால்மன் மீன் வாழும் இடங்களைச் சீர்படுத்தும் சேவைத் திட்டம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். நம் பக்கம் அப்படிச் சேர்வதற்கு ஏதாவது உண்டா? வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். இந்த ஓர் ஆண்டைக் கணக்கு எழுதும் வேலையோடு சேர்த்தே நடத்த முடியும். உங்கள் ஊரின் தொழில் நாட்காட்டியே அதற்கு இடம் கொடுக்கிறது. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது ‘வாட்டர்ஷெட் ஸ்டூவர்ட்ஸ் புரோகிராம்’ பற்றியதாக இருக்கும். 1994இல் தொடங்கியது. அமெரிக்கார்ப்ஸ் என்னும் தேசிய சேவை அமைப்பும் ‘கலிபோர்னியா கன்சர்வேஷன் கோர்’ அமைப்பும் அதன் பின்னால் இருக்கின்றன. சேர்பவர்களுக்கு மாதச் செலவுக்குப் படி கொடுத்து, பத்து மாதங்களுக்கு மேல் வேலை வாங்குகிறார்கள். சால்மன் நன்னீர் ஓடையின் கூழாங்கற்களுக்கிடையே பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே ஏறி வரும் மீன். வழியில் ஏறமுடியாத ஒரு தடுப்பு வந்துவிட்டால் அந்த ஓடையில் அதன் வம்சம் அற்றுப்போகும். ஆகவே மீனைக் காப்பது என்றால் அங்கே மலை முதல் கடல் வரை தண்ணீர் போகும் வழியைக் காப்பதுதான். சேர்ந்தவர்கள் முட்டையிட வந்த மீனை எண்ணுகிறார்கள், ஓடையை அளக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். மண்வெட்டிக்கு முன்னால் குறிப்பேடு வருகிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான்.

நமக்கும் மலையிலிருந்து கடல் வரை ஒரு வழி உண்டு. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மேற்கு மலைகள் 2021 முதல் புலிகள் காப்பகமாக இருக்கின்றன. அங்கே விழும் மழையில் ஒரு பங்கு அர்ச்சுனா நதியாக ஆனைக்குட்டம் பக்கமாக வருகிறது. தெற்கே வைப்பாறு வெம்பக்கோட்டை வழியாக வருகிறது. 2022இல் அகழாய்வு தொடங்கிய விஜயகரிசல்குளம் மேடு அந்த ஆற்றின் வடகரையில்தான் இருக்கிறது. ஆற்றை ஒட்டி ஊர் அமைந்ததற்கு நம் பக்கத்தில் அவ்வளவு பழைய சான்று இருக்கிறது. இரண்டு ஆறுகளும் இருக்கன்குடியில் கூடி, மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கின்றன. சிவகாசி வட்டாரத்து ஓடைகளும் கண்மாய்களும் இந்த வழியின் கிளைகள். சால்மன் இங்கே இல்லை. ஆனால் முதல் வெள்ளத்தில் கலுங்கு வழியாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் கெண்டையையும் கெளுத்தியையும் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். எந்தக் கலுங்கில் மீன் ஏறும், எந்த ஆண்டோடு அது நின்றது என்று அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் முதல் கணக்கெடுப்பு.

கண்மாய் வேலைக்கு வரும் இளைஞர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பலரும் நேரே கண்மாய் உள்வாயில் இறங்குகிறார்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, சீமைக் கருவேலத்தை வெட்டி, ஜேசிபி வைத்துத் தோண்டி, படமும் எடுத்துவிடுகிறார்கள். ஐப்பசியில் மழை கொட்டுகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வருவதில்லை. காரணம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கிறது. எங்கோ மனைப்பிரிவு போட்டபோது கால் மூடப்பட்டிருக்கும். எங்கோ சாலை போட்டவர்கள் பாலத்துக் குழாயை ஓடைத் தரையைவிட உயரமாக வைத்திருப்பார்கள். எங்கோ வேலிக்கு உள்ளே ஓடை போய்விட்டிருக்கும். வரத்து இல்லாத கண்மாயை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அது பள்ளமாகத்தான் கிடக்கும். எனவே உங்களுக்கு என் முதல் யோசனை: ஒரே ஒரு கண்மாயைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் வரத்துக்காலை, தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கிருந்து கலுங்கு வரை நடந்து பாருங்கள். நீர் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று குறியுங்கள்.

இதற்கு ஏற்ற காலம் தீபாவளி முடிந்த வாரங்கள். ஆலைகள் விடுமுறையில் இருக்கும், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பெய்யும். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நடந்தால் ஓடையே தன் அடைப்புகளைக் காட்டிக்கொடுக்கும். கோடையில் நடந்தால் இதில் பாதிகூடத் தெரியாது.

தை, மாசி மாதங்கள் காகித வேலைக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். கண்மாயின் சர்வே எண், பரப்பு, வரத்துக்கால் எந்தெந்த எண்களின் வழியாகப் போகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஓடை, தரையில் சுவர் என்று இருந்தால் படம் எடுத்து வையுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்து, கண்மாய் யாருடையது என்று தெரிய வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் மனு எழுதினால் அது இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைந்துகொண்டிருக்கும். ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைச் செயல்படுத்த வேண்டியது அதிகாரிகள். உங்கள் வேலை அவர்கள் கையில் சரியான எண்களைக் கொடுப்பது. கணக்கு எழுதுபவர் நீங்கள், இதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்வீர்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். ஊராட்சிக்குத் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், கண்மாயின் பெயர், சர்வே எண், வரத்துக்காலில் உள்ள அடைப்புகள் எல்லாவற்றையும் எழுதித் தீர்மானமாக ஏற்றுங்கள். ‘நீர்நிலைகளைக் காக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதிய தீர்மானத்தை வைத்து எந்த அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது. எண்ணோடு எழுதியதை வைத்து ஊரக வேலைத் திட்டத்தில் பணியும் கேட்கலாம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுவும் கொடுக்கலாம்.

சித்திரை முதல் ஆனி வரை மண் வேலை. வண்டல் எடுக்க அனுமதி வேண்டும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ளத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024இல் நடைமுறையை எளிதாக்கினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி இறங்கினால் நல்ல எண்ணத்தோடு வந்தவர்மீதும் கனிமத் திருட்டு வழக்கு பாயும். வெட்டும்போது கரையின் அடியை ஒட்டி மண் எடுக்க விடாதீர்கள், கரை சரிந்துவிடும். வண்டலுக்குக் கீழே இருக்கும் களியையும் தாண்டிச் சரளை தெரியும்வரை தோண்டினால் தண்ணீர் நிற்காது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் ஆழமாக ஒரு கசம் விடச் சொல்லுங்கள். கோடையில் விராலும் கெளுத்தியும் தங்கிப் பிழைக்க அந்த ஒரு கசம் போதும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். பிடிப்பதற்கு வசதியாக மடையைத் திறந்து சீக்கிரமே வடித்துவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. ஊர் கேட்டுக்கொண்டால் கசத்து அளவுக்காவது தண்ணீர் விட்டுவைக்க இசைபவர்கள் உண்டு.

இனி நான் சொல்லப்போவதை வேறு மாவட்டத்துக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் ஓடையோரத்துக் குப்பை வெறும் குப்பையாக இருக்கும் என்று நம்பக்கூடாது. கழிவு மருந்து, வெடிக்காத சரம், திரித்துண்டு, மணிமருந்து இவை காகிதக் குப்பையோடு கலந்து கிடக்கலாம். உராய்ந்தாலோ அடிபட்டாலோ மருந்து பற்றும். அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே ஓடைக்குள் மண்வெட்டியோ ஜேசிபியோ இறங்குமுன், மருந்து வேலை தெரிந்த மூத்த தொழிலாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு கரையில் நின்று கண்ணால் பார்த்துவிடுங்கள். சந்தேகமான எதையும் தொட வேண்டாம், குச்சியால் கிளற வேண்டாம், மண்ணைப் போட்டு மூட வேண்டாம். எல்லோரையும் விலக்கி நிறுத்திவிட்டு 101க்கோ 112க்கோ சொல்லுங்கள். ஜேசிபி ஓட்டுநர் வெளியூர்க்காரராக இருப்பார், அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெட்டிய சீமைக் கருவேலத்தையும் பொறுக்கிய குப்பையையும் ஓடையில் வைத்துக் கொளுத்தவே கூடாது. மற்ற ஊர்களில் புகையோடு போவது உங்கள் ஊரில் உயிரோடு போகும். பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கும் வேலைக்கு அழைத்து வராதீர்கள். அவர்களுக்கு மழைமானி படிக்கவும் பறவை எண்ணவும் கற்றுக்கொடுங்கள். பெரியவர்கள் தடித்த காலணியோடுதான் இறங்க வேண்டும். கருவேல முள் ஆழமாக ஏறும், டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆலைகளை எதிரியாக வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. அறைக்கும் அறைக்கும் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டியிருப்பதால் பட்டாசு ஆலைக்கு நிறைய நிலம் தேவைப்படுகிறது. அந்த நிலங்களை ஒட்டி ஓடைகள் போகின்றன. ஆலைக்கும் தண்ணீர் வேண்டும். லாரித் தண்ணீருக்கு என்ன செலவாகிறது என்று கணக்கு எழுதும் உங்களுக்குத் தெரியாததா? வேலியோரத்து ஓடையை அவர்களே சுத்தமாக வைத்திருக்கவும், கழிவை விதிப்படி அழிக்கவும் பேசிப் பார்க்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வரும் எந்தத் தொண்டருக்கும் அந்த இடம் கிடைக்காது.

அதேபோல, ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கு வராத தொழிலாளர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆறு நாளும் குச்சுக்கட்டிலும் மருந்து அறையிலும் குனிந்திருந்த பெண்ணுக்கு வீட்டு வேலை செய்யவும் தண்ணீர் பிடிக்கவும் இருப்பது அந்த ஒரு நாள்தான். அவர்களைக் கூலி இல்லாத வேலைக்குக் கூப்பிடுவதைவிட, கூலியுள்ள வேலையாக வரத்துக்கால் பணியை ஊரக வேலைத் திட்டத்தில் ஏற்றுவதற்கு உழைப்பது மேல்.

சேர்வதற்கு அமைப்பு என்று கேட்டீர்கள். கலிபோர்னியாவில் உள்ளதுபோல, நீர்நிலைக்கென்றே படி கொடுத்து ஓராண்டு அமர்த்தும் திட்டம் நம் மாவட்டத்தில் இல்லை. நெருங்கிய வழிகள் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் உங்கள் தம்பி தங்கைகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம். முகாமை உங்கள் வரத்துக்காலுக்கு அழைத்து வர, திட்ட அலுவலரிடம் நவம்பரிலேயே பேசிவிடுங்கள். உங்களைப் போன்ற பட்டதாரிகளுக்கு, 21 முதல் 32 வயதுக்குள் இருந்தால், எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதம் உதவித்தொகையோடு கிராமத்தில் வேலை தருகிறது. தமிழக அரசின் முதலமைச்சர் பசுமைத் தோழர் திட்டம் இரண்டு ஆண்டு, போட்டி கடுமை. மதுரையில் தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து ‘வயலகம்’ என்ற பெயரில் விவசாயிகளைச் சேர்த்துக் கண்மாய் வேலை செய்துவருகிறது. கண்மாயை வாழ்நாள் வேலையாக எடுப்பது என்று முடிவு செய்தால் அங்கே போய்ப் படியுங்கள். பேராவூரணியில் 2018 கஜா புயலுக்குப் பிறகு இளைஞர்கள் தொடங்கிய கைஃபா அமைப்பு, ஊர் மக்கள் பணத்தில் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கியது. ஊர்க்காரர்களே பணத்தையும் இயந்திரத்தையும் எப்படித் திரட்டினார்கள் என்பதை அறிய ஒருமுறை போய்வாருங்கள்.

ஆனால் இவற்றில் எதற்கு விண்ணப்பித்தாலும், ‘ஒரு கண்மாயின் வரத்துக்காலை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன்’ என்று சொல்ல முடிந்தவருக்கு மதிப்பு கூடும். அந்தக் குறிப்பேட்டில் மழை அளவும் இருக்கட்டும், கண்மாயில் தண்ணீர் எந்தப் படிக்கல் வரை ஏறியது என்பதும் பக்கத்துக் கிணற்று நீர்மட்டமும் இருக்கட்டும். வாலாயமாக வாராவாரம் எழுதுங்கள்.

கண்மாய் உடனே நிறையும் என்று ஊருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் மழை பொய்க்கும் ஆண்டு வரும், அந்த ஆண்டில் செய்த வேலை வீண் என்று பேசுவார்கள். மழை வரும் ஆண்டில் அது தங்குவதற்கு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான் நம்மால் முடிவது.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்மாயின் சர்வே எண்ணையும், அது எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்ததைப் பேசுவோம்.