உள்ளம் ஒன்றி நிற்றல்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று உள்ளது. அங்கே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில், வழவழப்பாகச் செதுக்கப்பெற்ற 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் சமணத் துறவியர் இங்குத் தங்கி வாழ்ந்தனர் என்பதை அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உணர்த்துகின்றன. குன்றின் மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலில், தியானத்தில் அமர்ந்த சிற்பங்களை இன்றும் காணலாம்.

வெறுங்கல்லில் படுத்து அவர்கள் நாடியது யாது? உள்ளத்தை அடக்கும் ஆற்றலேயாகும். மாணவர்களே, அவர்தம் கடுந்துறவு நமக்கு வேண்டுவதன்று. அவ்வாற்றலோ மிகவும் வேண்டும். கண் நூலின்மேல் இருக்க, மனம் விளையாட்டுத் திடலில் திரிவதை நம்மில் யார்தாம் அறியார்?

நாள்தோறும் ஐந்து நிமிடம் நிமிர்ந்து அமருங்கள். மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் உற்று நோக்குங்கள். மனம் ஓடும், அதற்காக வருந்தாது, மெல்ல அழைத்து மீண்டும் மூச்சின்மேல் நிறுத்துங்கள். அங்ஙனம் மீட்பதே பயிற்சி. சினம் எழும்போது நாவைக் காக்கவும், தேர்வு நாளில் கலங்காதிருக்கவும் இது துணைபுரியக்கூடும்.

ஆனால், கேட்டறிந்த அளவில் பயன் விளைந்துவிடாது. பிரித்தானியப் பள்ளிகளில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பங்கேற்ற ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இத்தகைய வகுப்புக்கள் வழக்கமான கல்வியினும் மிகுதியான நன்மை தந்ததாக அதில் காணப்படவில்லை. மாணவருள் பெரும்பாலோர் வீட்டில் பயின்றதும் அரிதே. துயரம் மிகுந்தால் மூச்சை மட்டும் நம்பியிராது, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுதல் வேண்டும்.

கரடுமுரடான பாறை ஒரே நாளில் படுக்கையாகிவிடவில்லை. உள்ளமும் அத்தகையதே, நாமும் நாள்தோறும் பயில்வோமாக!