பதினேழு இஞ்ச் ஆசை

ஸ்விஃப்ட் வாங்கிய கையோடு பலருக்கும் அடுத்த யோசனை டயர் கடைப் பக்கம் போகிறது. 2005-இல் இந்தியச் சாலைக்கு வந்ததிலிருந்து இளைஞர்கள் ஆசையாகக் கைவைக்கும் கார் அது. எடை ஏறத்தாழ 900 கிலோதான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் துள்ளிக்கொண்டு திரும்பும். இன்னும் கொஞ்சம் மெருகேற்றினால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் கார் மாதிரி ஆகிவிடாதா என்று தோன்றுவது இயல்புதான். பெரிய ரிம், அகல டயர், தாழ்ந்த பாடி என்று மூன்றையும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஊர் எல்லையில் இருக்கும் முதல் வேகத்தடையிலேயே கணக்கு உதைக்கும்.

கடைகளில் பேச்சுவாக்கில் காதில் விழும் ஆறு நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம். கணக்குக்கு, 185/65 ஆர்15 டயரோடு வரும் உயர்ரக ஸ்விஃப்டை எடுத்துக்கொள்கிறேன். மற்ற சின்னக் கார்களுக்கும் கணக்குப் போடும் முறை இதேதான்.

நம்பிக்கை 1: ரிம் பெரிதானால் ரோடு கிரிப் கூடும்.

உண்மை: டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம்; அதாவது 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். மொத்தத்தில் சக்கரத்தின் விட்டம் 621 மி.மீ. இதற்குப் பதில் 205/45 ஆர்17 போட்டால் விட்டம் 616 மி.மீ.; பெரிய மாற்றமில்லை. ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. குழியில் இறங்கும்போது அடியைத் தாங்கிக்கொள்ளும் ரப்பரில் 28 மி.மீ. போய், அந்த இடத்தில் உலோகம் வந்து உட்காருகிறது.

பெரிய ரிம் போட்டவர்கள் "பிடிப்பு கூடிவிட்டது" என்று சொல்வது பொய்யல்ல. வேறொன்றைப் பிடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் அதிகம் நெளியாது. ஸ்டீயரிங்கை அசைத்ததும் கார் சட்டென்று திரும்பும். அந்தச் சுறுசுறுப்பு வேறு, டயர் வழுக்கத் தொடங்கும் எல்லை வேறு. இரண்டாவதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ரப்பரின் கலவை. நல்ல ரப்பர் கொண்ட 15 இஞ்ச் டயர், மலிவான 17 இஞ்ச் டயரை பிரேக்கிலும் வளைவிலும் தோற்கடிக்கும்.

மழையில் தண்ணீர் மூடிய குழியில் குட்டை டயர் இறங்கினால், ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்குகிறது. பிறகு பக்கச்சுவரைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒரு கொப்புளம் தட்டுப்படும். உள்ளே நூலிழைகள் அறுந்து, காற்று வெளி ரப்பரைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. டயரையே மாற்ற வேண்டும்.

அழகும் வேண்டும், நம் சாலைக்கும் தாங்க வேண்டும் என்றால் 195/55 ஆர்16 நல்ல நடுவழி. விட்டம் அதே 621 மி.மீ.; பக்கச்சுவர் 107 மி.மீ. ஐ20 என் லைன் இதே அளவில்தான் கம்பெனியிலிருந்து வருகிறது. அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

நம்பிக்கை 2: டயர் அகலமானால் அதிக ரப்பர் ரோட்டைத் தொடும், மழையிலும் நல்லது.

உண்மை: ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, உள்ளே 33 பி.எஸ்.ஐ. காற்று என்று வையுங்கள். ரோட்டைத் தொடும் பரப்பு சுமார் 110 சதுர செ.மீ. வரும், தபால் அட்டையை விடச் சின்னது. அதே எடை, அதே காற்று என்றால் டயரை அகலமாக்கினாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். உலர்ந்த சாலையின் வளைவில் அந்த வடிவத்துக்குப் பலன் உண்டு.

மழையில் கதை திரும்பிவிடுகிறது. அகல டயர் தன் முன்னால் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும். முடியாதபோது தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். விமான டயர்களைச் சோதித்து 1963-இல் நாசா வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு உண்டு. மொட்டை டயர், தேங்கிய தண்ணீர், 33 பி.எஸ்.ஐ. காற்று என்றால், சுமார் 95 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியிருந்தால் சுமார் 83 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். இது தோராயம்தான், ஆனாலும் மழைக்காலத்தில் டயரின் அகலத்தை விடக் காற்றும், தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களின் ஆழமும்தான் உயிரைக் காக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு முன்பே மாற்றினால் இன்னும் நல்லது.

நம்பிக்கை 3: அலாய் என்றாலே எடை குறைவு.

உண்மை: அலுமினியம் இரும்பை விட லேசு, சரி. ஆனால் வார்ப்பில் செய்யும் மலிவான அலாய்க்கு வலு வேண்டுமென்று கனமாக வார்க்கிறார்கள். 17 இஞ்ச் வார்ப்பு அலாய் ஒன்று, கம்பெனி கொடுத்த 15 இஞ்ச் ரிம்மை விடக் கனமாக இருப்பது சாதாரணம். அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு ரிம் உண்மையிலேயே லேசானது. விலைதான் கைக்கு எட்டாது.

சக்கரத்தின் எடை டிக்கியில் வைத்த பையின் எடை மாதிரி அல்ல. அது சுழல வேண்டும். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஏறி இறங்க வேண்டும். எடை கூடினால் கிளம்பும் வேகம் மந்தமாகும், ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும். கடைக்காரரிடம் டிசைனைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள். தெரியாது என்றால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ரிம்மின் மேல் தரச் சோதனை முத்திரை வார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானிய ரிம்களில் வரும் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் அப்படிப்பட்டவை.

நம்பிக்கை 4: நாலு ஓட்டை பொருந்தினால் ரிம் பொருந்திவிட்டது.

உண்மை: ஸ்விஃப்டின் நாலு ஓட்டைகளும் 100 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன. அந்த அளவில் ரிம் நிறையக் கிடைக்கும். நடுத்துளைதான் பலரும் கவனிக்காத இடம். ரிம்மின் நடுத்துளை உட்காரும் ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. விட்டம். வெளியே விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் சேர வேண்டும் என்று துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஹப் ரிங் போட வேண்டும். மிகச் சின்னச் செலவு. அதை விட்டுவிட்டால் ரிம் இம்மியளவு மையம் விலகி உட்காரும். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாத நடுக்கம் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற எண். ரிம்மில் ஈடி 45 என்று இருந்த இடத்தில் ஈடி 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளும், ரிம்மின் அகலமும் கூடினால் இன்னும் தள்ளும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் வீல் பேரிங்குக்குச் சுமை, குழியில் ஸ்டீயரிங் இழுப்பு, ஆள் ஏறினால் ஃபெண்டரில் உரசல் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

நம்பிக்கை 5: காரைத் தாழ்த்தினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்.

உண்மை: கனம் கீழே இறங்கினால் சாய்வு குறையும் என்ற தத்துவம் சரி. ஆனால் ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது காரின் சாய்வு மையம், அதாவது பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, பாடி இறங்கியதை விட வேகமாகக் கீழே போய்விடுகிறது. விளைவு, வளைவில் பாடியைச் சாய்க்கும் விசை குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். கடினமான ஸ்ப்ரிங் அதை மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி கம்பெனிக் கணக்கில் 163 மி.மீ. காரை 40 மி.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 123. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; 3.7 மீட்டர் அகலத்துக்கு மெல்ல ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் விதியைப் பார்த்தா போடுகிறார்கள்? நாலு பேரும் சாமானும் ஏறிவிட்டால் அந்த 123-உம் கணிசமாகக் குறைந்துவிடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெயர்ந்த தார் மேல், கட்டை மாதிரி இறுகிய ஸ்ப்ரிங் டயரை ரோட்டோடு ஒட்ட விடாது. தூக்கித் தூக்கிப் போடும். ஸ்ப்ரிங்கை ஒரு சுற்று வெட்டித் தாழ்த்துவது இன்னும் மோசம். வெட்டிய முனை ஸ்ப்ரிங் அமரும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்ப்ரிங் இடம் பெயரலாம்.

நம்பிக்கை 6: இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதை முன்னால் போட வேண்டும், முன்சக்கரம்தானே இழுக்கிறது.

உண்மை: புதியவை பின்னால்தான். முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஈரத்தில் பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது எல்லாராலும் ஆகாது.

எந்த வரிசையில் செலவு செய்வது?

முதலில் கம்பெனி அளவிலேயே நல்ல டயர். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் தயாரானது. இரண்டாவது, தேய்ந்த ஷாக், புஷ், மவுன்ட் ஆகியவற்றைப் புதுப்பித்து அலைன்மென்ட். பழைய ஸ்விஃப்ட் என்றால் இந்தச் செலவிலேயே கார் புதிதாகத் திரும்பும். மூன்றாவது, எடை தெரிந்த 16 இஞ்ச் ரிம். ஸ்ப்ரிங் கடைசியில், அதையும் பொருத்தமான ஷாக்கோடு சேர்த்து, 20, 25 மி.மீ. தாழ்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் ரிம், ஸ்ப்ரிங் எதையும் எடைக்குப் போட வேண்டாம். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.