கட்சராக அமரும் பிள்ளைக்கு முதலில் பயிற்சி



கோடைகாலம் வந்ததும் கனடாவில் எமது பிள்ளைகள் பலர் சொவ்ற்போல் குழுக்களில் சேர்கின்றனர். அந்தப் பெயரைக் கேட்டதும் ஊரில் ரெனிஸ் பந்தில் ஆடிய மென்பந்துக் கிரிக்கெற்றே எமக்கு ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. 1887 இல் சிக்காகோவில், ஒரு மண்டபத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டி ஆடியதிலிருந்து பிறந்தது இவ்விளையாட்டு. இன்று பதின்ம வயதுப் பிள்ளைகள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம்; நிறை ஏறத்தாழ 180 முதல் 200 கிராம். ஆண்கள் ஆடும் கிரிக்கெற் பந்தோ சுமார் 160 கிராம்தான். மென்மை பெயரில் மட்டுமே உண்டு.

இதில் எமது விக்கெற் காப்பாளரைப் போன்றவர் கட்சர். ஆனால் காப்பாளர் வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளி நிற்பார். கட்சர் மட்டைக்கு நேர்பின்னே குந்தியிருப்பார். பிட்சர் வயதுக்கேற்ப 35 முதல் 43 அடி தூரத்திலிருந்து வீசுவார். பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் திசைமாறினால் கட்சருக்கு விலக நேரமில்லை. ஆகவே பயிற்சிதான் அவரைக் காக்கும்.

இதை நாம் பிந்தியே கற்றோம். எமது மகளுக்குப் பதின்மூன்று வயது. "உயரமான பிள்ளை, பயமில்லாதவள்" என்று சொல்லி, பத்து நிமிடம் காட்டிக்கொடுத்துவிட்டு அவளைக் கட்சராக இருத்தினார்கள். குழுவில் இடம் கிடைத்ததே பெரிது என்று நாமும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில், மட்டையில் உரசிய பந்து அவளது வெறுங்கையில் பட்டுப் பெருவிரல் எலும்பில் வெடிப்பு ஏற்பட்டது. அந்தக் கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கேட்க வேண்டிய நாமும் கேட்டிருக்கவில்லை.

எனவே பிள்ளை கற்க வேண்டியவற்றைக் கீழே தருகின்றோம்.

1. கவசம்
முகக்காப்புடன் கூடிய ஹெல்மெற், தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், காற்கவசம், கட்சருக்கென்றே தைத்த தடித்த கையுறை ஆகியன வேண்டும். குழு தரும் கவசம் பிள்ளையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று அணிவித்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் பிட்சரின் பயிற்சிப் பந்துகளைக் குந்தியிருந்து பிடிக்கும்போதும் இவற்றைக் கழற்றலாகாது.

2. வெறுங்கை
பாதங்கள் தோளகலத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். தளங்களில் ஓட்டக்காரர் இல்லாதபோது வெறுங்கையை முதுகுப்புறமாகவோ கணுக்காலுக்குப் பின்னாலோ மறைக்க வேண்டும். ஓட்டக்காரர் இருந்தால் பெருவிரலை உள்ளே மடக்கி, கையைப் பொத்தி, கையுறைக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும்.

3. தடுத்தல்
நிலத்தில் குத்திவரும் பந்தைப் பிடிக்க முயலலாகாது, தடுத்தால் போதும். இரு முழங்கால்களையும் ஊன்றி, கையுறையால் நடு இடைவெளியை மூடி, நாடியை நெஞ்சோடு சேர்த்து, தோள்களை முன்னே வளைக்க வேண்டும். பந்து கவசத்தில் பட்டு முன்னாலேயே விழும். முகத்தைத் திருப்புவது இயல்பு. ஆனால் திருப்பினால் கவசமில்லாத கழுத்துத்தான் பந்துக்கு எதிரே வரும். இந்தப் பயத்தைத் திட்டிப் போக்க முடியாது. ரெனிஸ் பந்தில் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாகத்தான் போக்கலாம்.

4. எறிதல்
ஹோம் பிளேற்றிலிருந்து இரண்டாம் தளத்துக்கு ஏறத்தாழ 85 அடி. முதலில் கால்களைத் திருப்பி, உடலின் பலத்தோடு எறியப் பழக்க வேண்டும். கையால் மட்டும் எறிந்து பழகும் பிள்ளைக்குத் தோள்பட்டை நோவெடுக்கும்.

5. ஓய்வு
கணக்காளர் என்பதால் ஒரு சிறு கணக்கும் சொல்கின்றோம். ஓர் இன்னிங்ஸுக்குப் பதினைந்து பந்துகள் என்று வைத்தால், ஏழு இன்னிங்ஸுக்கு 105 பந்துகள். அத்தனை தடவையும் குந்தி எழும்புவது வளரும் முழங்கால்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் என்றால் இத்தொகை இரட்டிக்கும். ஆகவே குழுவில் குறைந்தது இரண்டு பிள்ளைகளாவது கட்சராகப் பழகியிருக்க வேண்டும்.

பெற்றோர்களே, பருவம் தொடங்குமுன் பயிற்றுநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்சருக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பவர் யார்? முதல் ஆட்டத்துக்கு முன் எத்தனை நாட்கள் கொடுப்பார்? மாற்றுக் கட்சர் உண்டா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல பயிற்றுநர் இதை வரவேற்பார். மறுமொழி திருப்தி தராவிட்டால், "பயிற்சி முடியும்வரை பிள்ளை வேறு இடத்தில் ஆடட்டும்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

விரல் மாறியபின் எமது மகள் குளிர்காலம் முழுவதும் ஒரு பாடசாலை உள்ளரங்கில் தடுத்தலை மட்டுமே பழகினாள். இப்போது மீண்டும் அவளே கட்சர். களத்தடுப்பில் மற்ற எட்டுப் பேரையும் எதிரே பார்த்து ஆடுபவர் கட்சர் ஒருவரே. எங்கே எறிய வேண்டும் என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுப்பவரும் அவரே. வீட்டில் அதிகம் பேசாத பிள்ளை அங்கே உரத்துச் சத்தமிடுவதைக் கேட்கும்போது எமக்கு மனம் நிறைகின்றது. 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாப் பெண்கள் வெண்கலப் பதக்கம் வென்றதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் விளையாடட்டும். ஆனால் கற்றபின் அமரட்டும்.