கார்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கலாமா?

கேள்வி: தில்லி கரோல் பாகில் காபித்தூள், அப்பளம், மசாலாப் பொடி விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆண்டு விற்பனை சுமார் 18 லட்சம் ரூபாய். கார்டு தேய்க்கும் மெஷினுக்காக வங்கியில் விண்ணப்பிக்கப் போகிறேன். வங்கி பிடிக்கும் கமிஷனுக்காக வாடிக்கையாளரிடம் இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். இது சட்டப்படி சரியா?
- வாசகர், புது தில்லி

பதில்: சரியில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. வங்கி உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்காமலே வாங்கப்படும் தொகைதான் அந்த இரண்டு சதவீதம். எம்.டி.ஆர். என்று வங்கியில் சொல்லும் இந்தக் கமிஷன் கார்டுக்குக் கார்டு மாறும். ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் கமிஷனே கிடையாது. பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007இல் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் 6 அன்று உச்சவரம்பு வைத்தது. முந்தைய நிதியாண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைக்கு, மெஷினில் தேய்த்தால் அதிகபட்சம் 0.40 சதவீதம், அதுவும் ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. 20 லட்சத்தைத் தாண்டிய கடைக்கு 0.90 சதவீதம், உச்சம் 1,000 ரூபாய். உங்கள் கடையில் ஒருவர் 1,500 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, விசா டெபிட் கார்டைத் தேய்த்தால் வங்கி பிடிக்கக்கூடியது அதிகபட்சம் 6 ரூபாய். இரண்டு சதவீதம் என்றால் நீங்கள் அவரிடம் 30 ரூபாய் வாங்குவீர்கள். அவர் கொடுத்தது ரூபே டெபிட் கார்டாக இருந்தால் அந்த முப்பதுக்குக் காரணமே இல்லை. கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டே என்பார்கள். ஒரே பில்லில் 2,000 ரூபாய் வரையிலான கார்டு வசூலுக்கு அந்த வரிக்கும் விலக்கு இருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் உத்தரவு வங்கிகளுக்குத்தானே, கடைக்காரரை அது எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உத்தரவு உங்களை நேராகத் தொடுவதில்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தின் வழியாகத் தொடுகிறது. டெபிட் கார்டுக்குக் கூடுதல் தொகை வாங்குவது வங்கிக்கும் வணிகருக்கும் உள்ள ஒப்பந்தப்படி அனுமதிக்கத்தக்கதல்ல, அப்படிச் செய்யும் கடையின் உறவை வங்கி முறித்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 2017 உத்தரவிலும், கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வது வங்கியின் பொறுப்பு என்று இருக்கிறது. ஆகவே ஒரு வாடிக்கையாளர் பில்லோடு புகார் கொடுத்தால் போதும், மெஷின் திரும்பிப் போய்விடும். உங்கள் சரக்கைப் பொறுத்தவரை இதைவிடக் கடுமையான தடை ஒன்று உண்டு. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக்கூடாது என்கிறது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் 18ஆவது விதி. 200 ரூபாய் என்று அச்சிட்ட மசாலாப் பொடிக்குக் கார்டைக் காரணம் காட்டி 204 வாங்கினால் அது எடையளவுச் சட்ட மீறல். எந்த வங்கி, எந்தக் கார்டு என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் காபித்தூளுக்கு அச்சிட்ட விலை இல்லைதான். ஆனால் விலைப் பலகையில் ஒன்று, பில் போடும்போது இன்னொன்று என்றால் நுகர்வோர் ஆணையத்தில் முறையற்ற வணிகம் என்ற கேள்வி எழும்.

கிரெடிட் கார்டில்தான் உங்கள் பக்கத்து நியாயம் வலுவாக நிற்கிறது. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. வங்கி சொல்லும் விகிதம்தான், சிறு கடைக்குப் பேரம் பேசும் பலமும் குறைவு. செலவு உண்மையாக இருக்கும்போது அதை யார் தாங்குவது என்பதில் உலகம் ஒரே மாதிரி முடிவெடுக்கவில்லை. பிரிட்டன் 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கார்டுகளுக்குக் கூடுதல் தொகை வாங்குவதைத் தடுத்தது. ஆஸ்திரேலியா 2016இல் கொண்டுவந்த விதிகள், உண்மைச் செலவுக்கு மேல் வாங்குவதை மட்டும் தடுத்தன. நம் ஊரில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் கார்டு சர்சார்ஜை எதிர்த்துப் பொதுநல வழக்கே வந்தது. என் கருத்தில், சட்டம் கிரெடிட் கார்டு கமிஷனுக்கும் ஒரு வரம்பு வைத்தால்தான் சிறு வணிகருக்கு நீதி கிடைக்கும். ஆனால் அந்தக் குறைக்காக அச்சிட்ட விலைக்கு மேல் வாங்க முடியாது. ஒப்பந்தத்தில் எல்லாக் கார்டுக்கும் சேர்த்துத் தடை போட்டிருந்தால் அதையும் மீற முடியாது. ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அச்சிட்ட விலையிலிருந்து குறைத்துக் கொடுக்கலாம். அந்த விலைக்குக் கீழே விற்பதற்குத் தடையில்லை, அதற்கு மேல் ஏற்றுவதுதான் தடை.

ஆகவே உங்கள் கவனம் முழுவதும் விண்ணப்பப் படிவத்தில் இருக்கட்டும். அதில் ஆண்டு விற்பனை என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், வங்கிப் பிரதிநிதியே நிரப்பிக்கொள்ளட்டும் என்றும் விடாதீர்கள். 0.40 சதவீதமா, 0.90 சதவீதமா என்பதை அந்த ஓர் எண்தான் தீர்மானிக்கிறது. விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் நீங்களே தெரிவிக்கவும் வேண்டும். பொருள் மட்டும் விற்கும் கடைக்குத் தில்லியில் 40 லட்சம் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. அதனால் வங்கி ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டால், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றைக் கொடுத்து ஏற்கச் சொல்லுங்கள். தொழிலின் வகை என்ற கட்டத்தில் எழுதியதற்கு வெளியே, நண்பருக்காகவோ பக்கத்துக் கடைக்காகவோ உங்கள் மெஷினில் ஒரு கார்டைக்கூடத் தேய்க்காதீர்கள். அந்த வசூலில் தகராறு வந்தால் வங்கி பணத்தைத் திரும்பப் பிடிப்பது உங்கள் கணக்கிலிருந்துதான், காட்டுவதற்கு உங்களிடம் பில்லும் இருக்காது. கையெழுத்துக்கு முன் ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட், மெஷின் வாடகை என்று தனித்தனியாக விகிதம் எழுதிய தாளை வங்கியின் முத்திரையோடு வாங்குங்கள். பிறகு மாதக் கணக்கில் அதைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.